பிழம்பு நிலையினருக்கு மட்டும்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை. நான்கு கால், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். சொந்தமாகக்கூட வேண்டாம். காலையில் ஆறரையிலிருந்து ஏழரை வரை அதில் கையை ஊன்றி எழுதிவிட்டு, துடைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

நான் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ மேசையைத் தூக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதன்மேல் என் மனைவியின் தையல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. விடிந்ததிலிருந்து ஓடும். அதைக் கொஞ்சம் நகர்த்து என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை. ஆகவே இஸ்திரிப் பலகையில் வைத்து எழுதினேன். அது ஆடும். அதில் எழுதினால் என் எழுத்து குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி இருக்கும்.

என்ன எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பீரோவை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகிறவர் சாமானுக்கு முதுகைக் கொடுத்து, கையைப் பின்னால் கோத்துக்கொண்டு இறங்குவார். அவருக்குப் படி தெரியும். பின்னால் வருகிறவனுக்குப் பீரோவின் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போவார்: “இறங்கு… இறங்கு… அகலப் படி… இடது வளைவு… தலை குனி… ஈரம்… இறங்கு…” எல்லாம் முடிந்ததும், “தரை” என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்வரை பின்னால் இருப்பவன் மூச்சை முழுதாக விடமாட்டான்.

எனக்கு முன்னால் போகிறவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் படியை மட்டும் சொல்ல மாட்டார். “இறங்கு… இந்த வீட்டம்மா பியானோவை வித்துட்டு, அது இருந்த இடத்துலயே பாய் போட்டுப் படுக்குறாங்க மாப்ள… இடது வளைவு… கதவு இடுக்குல கிழவர் எட்டிப் பார்க்கிறார், நம்மளை இல்ல, பியானோவை… தலை குனி…” இப்படியே ஆறு மாடி இறங்கிவிடுவோம். கனம் தெரியாது.

நாற்பத்தோரு கட்டடங்களின் படிக்கட்டு அவர் தலைக்குள் இருந்தது. எந்தப் படி உடைந்தது, எந்த வீட்டில் யார் அழுதார்கள், எல்லாம். ஆனால் ஒரு கோளாறு. கையில் கனம் இருந்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும். சும்மா உட்கார வைத்துக் கேட்டால், “என்ன மாப்ள, எந்த வீடு?” என்று விழிப்பார். கையைப் பின்னால் கொடுத்து ஒரு சோபாவின் முனையைத் தூக்கிக்கொண்டால் போதும், படிப்படியாக வந்துவிடும்.

அவருக்குத் தொண்டை கட்டியது. மூன்று மாதமாக விடவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, குரல்பெட்டியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டார் என்றார். பத்து வாரத்தில் அறுவை. அதுவரை பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டது ஒன்றுதான். “அப்புறம் படியை யார் மாப்ள சொல்றது?”

அவருக்கு எழுதத் தெரியாது. நான் நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றபோது, “ரெண்டு பேரும் படிச்சிட்டா பீரோவை யாருடா தூக்குறது?” என்று சிரித்தவர். ஆகவே நான்தான் எழுத வேண்டும். போனில் பதிந்து பார்த்தோம். தையல் மெஷின் சத்தம் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது. வேலையிடத்தில் மதியம் அவர் சொல்வதை மனசில் பிடித்துவந்து, மறுநாள் காலை எழுதினேன். இஸ்திரிப் பலகையில் எட்டுப் படிக்கட்டு முடிந்தது. இன்னும் முப்பத்து மூன்று.

அந்தச் சமயத்தில்தான், எழுத, வரைய ஆசைப்படுகிறவர்களுக்கான படைப்பூக்க நிலையம் என்ற ஓர் இடத்துக்குக் கண்ணாடி ஏற்றப் போனோம். முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி, இருபத்திரண்டு. முதல் மாடிக்கு ஏறும்போதே மச்சான் சொன்னார். “இது ஏமாத்துக்காரப் படி மாப்ள. பத்தொம்பதுதான் இருக்கு. ஆனா முழங்கால் இருபதுன்னு சத்தியம் பண்ணும். நம்பிடாதே.”

மேலே கூடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. உள்ளே எட்டு மேசை. எட்டிலும் விளக்கு, எட்டிலும் ஆள் இல்லை. கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். “படைப்பாளிகளுக்கு மேசை இலவசம்.” எனக்கு வாயெல்லாம் பல். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. கையில் கண்ணாடி இருந்ததால் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே போய் நின்றேன். வரவேற்பில் இருந்த அம்மா அந்தச் சின்ன வரியைப் படித்துக் காட்டினார். பிழம்பு நிலையினருக்கு மட்டும்.

“பிழம்புன்னா?”

“நாலு நிலை இருக்கு சார். பொறி, சுடர், தழல், பிழம்பு. உங்க உள்ளத்துல இருக்குற ஆர்வத்தை நாங்க அளந்து சொல்வோம். பிழம்பு ஆயிட்டீங்கன்னா மேசை.”

“இப்ப எத்தனை பேர் பிழம்பு?”

“இன்னும் யாரும் ஆகலை சார். நிலையம் தொடங்கி பதினாறு வருஷம்தானே ஆகுது.”

ஒரு படிவம் கொடுத்தார். முதல் கேள்வி: நீங்கள் ஏன் படைக்கிறீர்கள்? பன்னிரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் யோசித்து, “பீரோ விழக் கூடாது” என்று எழுதினேன்.

“இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க சார்.”

மறுபடி யோசித்து, “கண்ணாடிக் கதவு வைத்த பீரோ என்றால் கட்டாயம் விழக் கூடாது” என்று சேர்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, என்னைப் பொறி நிலையில் சேர்த்துக்கொண்டார்.

காலை வகுப்பில் ஒன்பது பேர். நடத்தியவர் ஊக்க அலுவலர், முப்பது வயதுப் பெண். ஒன்பது பேருக்காகக் காதில் ஒலிவாங்கி மாட்டியிருந்தார். வந்ததும் கைதட்ட வேண்டும். யாருக்கு என்று கேட்டேன். “உங்களுக்கேதான் அண்ணா,” என்றார். நான் எனக்காகத் தட்டினேன். கை காய்த்துப்போனவன் தட்டினால் பலகை மோதுவதுபோல் சத்தம் வரும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்தது கண்ணாடி. நாங்கள் ஏற்றிய அதே கண்ணாடி. ஆளுக்கொன்றின் முன் நின்று, “உன்னை நான் நம்புகிறேன்” என்று இருபது தடவை சொல்ல வேண்டும். என் கண் நேரே கீழ் மூலைக்குப் போனது. அங்கே ஒரு கீறல். வளைவில் நாங்கள் போட்டது. கீறலைப் பார்த்துக்கொண்டே “உன்னை நான் நம்புகிறேன்” என்றேன். குரலில் உறுதி இல்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பழைய தபால்காரர். படம் வரைய ஆசைப்பட்டு வந்தவர். சட்டைப் பையில் ஒரு தூரிகை வைத்திருந்தார், உறை பிரிக்காதது.

“எத்தனை வருஷமாண்ணே வர்றீங்க?”

“ஏழு. சுடர்ல இருக்கேன். அவசரப்படாதே தம்பி. என்னைப் பாரு, ஏழு வருஷமா அவசரப்படாம இருக்கேன்.”

இரண்டாம் வாரம் தடைகளை எரிக்கும் நிகழ்ச்சி. உங்களைத் தடுப்பது எதுவோ அதைச் சீட்டில் எழுதி, தட்டில் போட்டு எரிக்க வேண்டும். அந்த நிலையத்தில் எங்களை எழுத விட்டது அந்த ஒரு நாள்தான். மற்றவர்கள் பயம், தயக்கம், அப்பா என்று ஒரு சொல் எழுதி எரித்துவிட்டார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அலுவலர் வந்து எட்டிப் பார்த்தார். “மேசை இல்லை” என்று இருந்தது.

“அண்ணா, இது தடை இல்ல. சாக்கு. மேசை உங்க மனசுக்குள்ள இருக்கு.”

“அதுல நோட்டு வைக்க முடியுமாம்மா?”

அவர் சிரித்தார். ஒலிவாங்கியில் அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு என் சீட்டை வாங்கி அவரே எரித்தார். எரித்த பிறகும் மேசை இல்லை.

ஏழரைக்கு வகுப்பு முடியும். நேராக வேலைக்கு ஓட வேண்டும். முன்பு இஸ்திரிப் பலகையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரமும் ஊக்கத்தில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுதினேன். நான்காம் வாரம் முடிவில் நோட்டில் பதினான்கு இருந்தது. இன்னும் இருபத்தேழு. மச்சானின் குரல் மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அப்போது ஒரு தப்பு செய்தேன். தூக்குகிறவர்கள் எப்போதும் செய்கிற தப்பு. சாமானைக் காட்டினால் நம்பிவிடுவார்கள் என்று நினைப்பது. நோட்டைக் கொண்டுபோய் ஊக்க அலுவலரிடம் கொடுத்தேன். இவன் உண்மையிலேயே எழுதுகிறவன்தான் என்று தெரிந்தால் மேசை கொடுத்துவிடுவார்கள் அல்லவா?

அவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். கண் கலங்கியது. பியானோ வீடு அது.

“எப்ப எழுதினீங்க அண்ணா?”

“போன ஞாயித்துக்கிழமை.”

“பொறி நிலையில இருந்துகிட்டா?”

“ஆமா.”

முகம் மாறிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த விதிகளில் பதினொன்றாவதைக் காட்டினார். மனம் பக்குவப்படுமுன் படைக்கக் கூடாது. “நாங்க உங்களைத் தயார் பண்ணிட்டு இருக்கோம், நீங்க பாட்டுக்கு எழுதிட்டு இருந்தா எப்படி? பிஞ்சிலேயே பறிச்சிட்டீங்களே அண்ணா.”

நோட்டு பரிசீலனைக்கு மேலே போயிற்று. எனக்கு ரசீது கொடுத்தார்கள். கெட்டித் தாளில், பூ வேலை செய்து, மிக அழகான ரசீது.

அதன் பிறகு டெலிவரி சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். மதியம் லாரிக்குள், மச்சான் கையைப் பின்னால் கொடுத்து ஏதாவது சாமானின் முனையைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டி நின்று சொல்வார். நான் பின்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலில் சீட்டை வைத்து எழுதுவேன்.

“மெதுவா மச்சான், மெதுவா. ‘வளைவு’ன்னு எழுதிட்டு இருக்கேன்.”

“நீ அந்த வளைவை எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் பீரோவோட கீழ போய் டீ குடிச்சிடுவேன் மாப்ள.”

“பேசாதீங்க. டாக்டர் என்ன சொன்னார்?”

“பேசாம எப்படிடா படி சொல்றது?”

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் காற்று மட்டும் வந்தது.

வகுப்பு தொடங்கி ஏழாம் வாரம் நிலையத்தின் இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையிலும் ஒரு மேசை இருந்தது. இரண்டு பேர் தூக்க முடியாது, நான்கு பேர் வேண்டும். அதன்மேல் என் நோட்டு.

“படிச்சேன்,” என்றார். “அப்படியே உள்ள ஏதோ பண்ணுது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவசரப்பட்டுட்டீங்க. நான் இருபத்தாறு வருஷமா ஒரு நாவலுக்கு மனசைத் தயார் பண்ணிட்டு இருக்கேன். இன்னும் ஒரு வரி எழுதலை. ஒரு வரி! எத்தனை பேருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கும், சொல்லுங்க? எழுதி முடிச்சவங்களை நான் பார்த்திருக்கேன். பாவம். முடிச்சதும் அவங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். எங்கிட்ட பாருங்க, இன்னும் எல்லாமே இருக்கு.”

தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நல்ல சட்டை.

“நோட்டு எப்ப கிடைக்கும் சார்?”

“அதுக்குத்தான் வரச் சொன்னேன். இந்த மச்சான்ங்கிறவர் உண்மையான ஆளா? குரல் போகப் போகுதா? அடடா!” கண் மின்னியது. “அவர் இங்க வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும். படம் எடுத்துக்கிறோம். உங்களை நேரா பிழம்பாக்கிடறேன். மேசை உங்களுக்கு. நோட்டையும் விழா அன்னிக்கே மேடையில வெச்சுக் குடுத்துடலாம்.”

வீட்டில் சொன்னேன். மனைவி மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்தினால் எங்கள் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

“அண்ணனுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்குத்தான் குரலே இருக்கு. அதை எதுக்கு அவங்ககிட்ட கொண்டுபோய்க் கொட்டணும்?”

“ரெண்டு வார்த்தைதானேடி,” என்றார் மச்சான். “ஒரு மேசை கிடைக்கும்ல இவனுக்கு. அந்த லாரியில இவன் முழங்கால்ல வெச்சு எழுதுறதைப் பார்த்தா எனக்கே சகிக்கலை.”

“நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்களேன்,” என்று என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. மேசை கண்ணில் நின்றது. இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நிற்கிறது.

படப்பிடிப்பு கண்ணாடிக் கூடத்தில். இருபத்திரண்டு கண்ணாடியிலும் மச்சான். முதலில் படிக்கட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மச்சான் வெறுங்கையோடு நின்று விழித்தார்.

“கையில ஏதாவது கனமாக் குடுங்க,” என்றார்.

இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. “கனம்! என்ன ஒரு குறியீடு!” என்று சொல்லி, அலமாரியிலிருந்து நிலையத்தின் விருதை எடுத்துக் கொடுத்தார். தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக்.

“இதுல கனமே இல்ல மாப்ள,” என்று என்னிடம் கிசுகிசுத்தார் மச்சான்.

கடைசியில் அவர்களே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாததால் நான் காதில் சொன்னேன். “இந்த நிலையம்தான் என்னைத் தூக்கிவிட்டது.”

“தூக்குறவன் நான்தானே. என்னை எதுக்கு இவங்க தூக்கணும்?”

“சொல்லிடுங்க மச்சான். மேசை.”

சொன்னார். உணர்ச்சி போதவில்லை என்றார்கள். மறுபடி சொன்னார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மறுபடி. விருதைக் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கச் சொன்னார்கள். நான்காவது தடவை நன்றாக வந்தது, ஆனால் கண்ணாடியில் படப்பிடிப்புக்காரரும் தெரிந்துவிட்டார். ஐந்தாவது தடவை குரல் இரண்டாகப் பிளந்தது. “ஐயோ, அருமை! இதே கரகரப்பு வேணும், இன்னொரு தடவை!” என்றார் இயக்குநர். நான் எழுந்து நின்றேன். “சார், டாக்டர்…” என்று தொடங்கினேன். ஊக்க அலுவலர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார், ஒலி பதிவாகிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாவது தடவை எல்லாம் சரியாக அமைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. லாரிக்குள் ஒரு அலமாரியின் முனையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். நான் சீட்டும் பேனாவுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் தோள் அசைந்தது. படி இறங்குவதுபோல் தலை அசைந்தது. முழுக் கட்டடத்தையும் அவர் இறங்கி முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். சீட்டில் ஒரு எழுத்தும் விழவில்லை. நோட்டில் பதினான்கு, சீட்டுகளில் பதினைந்து. பன்னிரண்டு படிக்கட்டு அவரிடமே நின்றுபோயிற்று.

குறித்த நாளில் அறுவை நடந்தது. நன்றாக நடந்தது. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு நான்கு வாரத்தில் எழுந்து நடமாடினார்.

அந்த வாரம்தான் விழா. என்னை மேடையேற்றிப் பிழம்பு என்று அறிவித்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். நோட்டைக் கையில் கொடுக்கவில்லை. திரையை விலக்கிக் காட்டினார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அது விரித்துவைக்கப்பட்டு, நான்கு மூலையிலும் திருகாணி போட்டுச் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கம் மட்டும் தெரிந்தது, ஒரு வளைவின் பாதி.

“பக்கம் திருப்பணும்னா?” என்று ஊக்க அலுவலரைக் கேட்டேன்.

“அது இனிமே ஊக்கப் பொருள் அண்ணா. வாசிக்கிற பொருள் இல்ல.”

“ஒரு நகலாவது…”

“படிவம் இருக்கு. பிழம்பு நிலையினருக்கு முன்னுரிமை.”

பிறகு இயக்குநர் பேசினார். “பதினாறு வருஷ அனுபவத்துல நாங்க ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம். இங்க வந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேர்ல, யாரெல்லாம் வேலையை ஆரம்பிச்சாங்களோ, அவங்க திரும்ப வரவே இல்லை. இங்கயே இருக்கிறவங்களைப் பாருங்க, ஆர்வம் கொஞ்சம்கூடக் குறையலை! இதுல இருந்து என்ன தெரியுது? வேலை தொடங்கினதும் ஊக்கம் முடிஞ்சுபோகுது. அதுக்கு வழி பண்ணிக் குடுக்கிறது எது? மேசை! அதனால இந்த நல்ல நாள்ல, எட்டு மேசையையும் எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு மேடை கட்டறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

பெரிய கைதட்டல். தபால்காரர் எழுந்து நின்று தட்டினார். பையில் இருந்த தூரிகை கீழே விழுந்தது, அப்போதும் உறையோடு.

இறங்கி வரும்போது இயக்குநர் என் தோளில் கை வைத்தார். “நீங்க கவலைப்படாதீங்க. பிழம்புக்கான மேசை உரிமை அப்படியே இருக்கும். மேசைதான் இருக்காது.”

மேசைகளைக் கிடங்குக்குக் கொண்டுபோகும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. மச்சான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. முன்னால் வேறு யாரையாவது போடட்டுமா என்று மேஸ்திரி கேட்டதற்கு, மச்சான் பேசாமல் போய் மேசைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு படிக்கு விரலால் பலகையில் ஒரு தட்டு. வளைவுக்கு இரண்டு.

கூடத்தைக் கடந்தோம். உள்ளே புது ஆட்கள் கண்ணாடிகளைப் பார்த்துத் தாங்கள் நம்பப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊக்க அலுவலர் தலையை நீட்டி, “சத்தம் வராமப் பாத்துக்கோங்க அண்ணா,” என்றார்.

தட்டு. தட்டு. தட்டு தட்டு, வளைவு. நான் மேசையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. தட்டு நின்றது. தரை என்பதற்கு ஒரு தட்டு வைத்துக்கொள்ள நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

நான் நின்றேன். முழங்கால் இருபது என்றது. அதே சமயம் கீழேயிருந்து மச்சானின் குரல் கேட்டது. கரகரப்பான, இரண்டாகப் பிளந்த, ஆனால் அவருடைய குரல். உடம்பு முழுக்க மூச்சு விட்டது. வாசலில் புதிதாக வைத்திருந்த வீடியோத் திரை அது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததாம்.

“இந்த நிலையம்தான் என்னைத் தூக்கிவிட்டது.”

இல்லாத படியில் காலை வைத்தேன். மேசை முன்னால் பாய்ந்து மச்சானின் இடுப்பில் இடித்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் என் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருப்பார். திரைதான் மறுபடி பேசியது, அதே வாக்கியம்.

தெருவில் மேசையை இறக்கிவைத்தோம். லாரி திரும்பி வந்து நிற்க ஐந்து நிமிஷம் ஆகும் என்றார் ஓட்டுநர். நான் நின்றேன். மேசை நின்றது. மேலே ஒன்றும் இல்லை, யாரும் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார். கண்ணால் மேசையைக் காட்டினார்.

எழுது என்கிறார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு டெலிவரி சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்தேன். பேனாவை எடுத்தேன். கையை ஊன்றினேன். ஆடவில்லை. நல்ல மேசை.

மச்சான் எதிர்ப்பக்கம் போய், இந்தத் தடவை முதுகைக் காட்டாமல் என் முகத்தைப் பார்த்து நின்று, மேசையின் முனையைத் தூக்கிப் பிடித்தார். கனம் கைக்கு ஏறியதும் அவர் கண் எங்கோ போயிற்று. எந்தக் கட்டடமோ வந்துவிட்டது. உதடு அசையத் தொடங்கியது, வேகமாக, நிற்காமல், சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொண்டு.

நான் அந்த உதட்டையே பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் அவர் பின்னாலேயே நடந்தவன் நான். படி சொல்லும்போது அந்த வாய் எப்படிப் போகும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எது இறங்கு, எது வளைவு, எது பியானோ, ஒன்றும் தெரியவில்லை.

மேசை சாய்ந்திருந்ததால் சீட்டு மெல்ல என் பக்கம் சரிந்து வந்தது. பேனா அதன் பின்னாலேயே உருண்டு வந்தது. லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மச்சான் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்.